ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் வாக்கியத்துக்கு ஏற்ற காலச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்று சொல்லப்படும் வினைவடிவத்தை அமைப்பது கடினமான வேலையே இல்லை. 'வில்', அதையடுத்து 'ஹாவ்', அதையடுத்து வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் என்ற சூத்திரத்தைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். "ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட்" என்றால் "முடித்திருப்பேன்" என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த வினையோடு காலத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்க்கும் இடத்தில்தான் பெரும்பாலான வாக்கியங்கள் தடம்புரள்கின்றன. "விதின் ஃபைவ் ஓ கிளாக்", "டில் ஃப்ரைடே", "ஆஃப்டர் டூ இயர்ஸ்" என்று எழுதுகிறவர்கள் வினையைச் சரியாகவே எழுதியிருப்பார்கள். தமிழில் இயல்பாகத் தோன்றும் காலச்சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் பிழை நேர்கிறது. ஆகவே தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர் எந்த வரிசையில் யோசித்தால் சரியான காலச்சொல் கைக்கு வரும் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகக் காட்டுகிறது.

முதல் படி: எல்லையைக் கண்டுபிடியுங்கள்

ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் வாக்கியம் ஒவ்வொன்றிலும் மூன்று நேரங்கள் உண்டு. ஒன்று, நாம் பேசுகிற இப்போது. இரண்டாவது, எதிர்காலத்தில் நாம் மனத்தளவில் போய் நிற்கும் ஒரு கணம். அதை எல்லை என்று அழைப்போம். மூன்றாவது, செயல் முடிகிற நேரம். அது அந்த எல்லைக்கு முன்னால் எங்கோ இருக்கிறது, எப்போது என்று வாக்கியம் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. எல்லையில் நின்று திரும்பிப் பார்த்தால் செயல் முடிந்து கிடக்கிறது என்பது மட்டுமே இந்த வடிவம் தரும் செய்தி. எனவே காலச்சொல் குறிக்க வேண்டியது எல்லையையே. செயல் நடக்கும் நேரத்தை அது குறித்தால் வாக்கியம் தன்னோடு தானே முரண்படும்.

ஒரு வாக்கியத்தை நெருங்கிப் பார்ப்போம்: "ஐ வில் ஹாவ் சென்ட் தி ரிப்போர்ட் அட் ஃபைவ் ஓ கிளாக்." இதில் 'அட்' என்ற சொல், அனுப்பும் செயலை ஐந்து மணி என்ற புள்ளியிலேயே ஆணியடித்து நிறுத்துகிறது. 'வில் ஹாவ் சென்ட்' என்ற வினையோ, அந்த நேரத்தில் செயல் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று என்கிறது. படிப்பவர் இரண்டில் எதை நம்புவது என்று தடுமாறுகிறார். சரியாக ஐந்து மணிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் "ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் அட் ஃபைவ்" என்று எழுத வேண்டும். ஐந்து மணி ஆகும்போது அது அனுப்பப்பட்டு முடிந்திருக்கும் என்றால் "ஐ வில் ஹாவ் சென்ட் தி ரிப்போர்ட் பை ஃபைவ்" என்று எழுத வேண்டும். இரண்டும் நல்ல ஆங்கிலம். ஆனால் இரண்டும் வேறு வேறு செய்திகள்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன், "நான் எந்தக் கணத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒரு கடிகார நேரமாகவோ ஒரு நாளாகவோ ஓர் ஆண்டாகவோ இருக்கலாம். இன்னொருவர் வந்துசேரும் கணமாக இருக்கலாம். இன்றிலிருந்து இத்தனை நாள் கடந்த ஒரு தருணமாக இருக்கலாம். எந்த வகைப் பதில் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த தேர்வு அமைகிறது. பதிலே கிடைக்கவில்லை என்றால், உங்களுக்கு ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் தேவைப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

இரண்டாம் படி: எல்லை ஒரு புள்ளியா, ஒரு நீளமா?

எல்லை ஒரு புள்ளியாக இருந்தால் சொல் 'பை'. இதில் ஒரு வசதி உண்டு. மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்று பிரித்துப் பிரித்து நினைவில் வைத்த சிரமம் இங்கே இல்லை; 'பை' அவை எல்லாவற்றின் இடத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. "பை ஃபைவ் ஓ கிளாக்", "பை மன்டே", "பை ஜூன்", "பை 2030", "பை தி எண்ட் ஆஃப் தி மன்த்" என்று எல்லாம் ஒரே முறையில் வரும். "பை ஆன் மன்டே" என்று இரண்டையும் அடுக்கக் கூடாது.

'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்ந்ததா என்ற ஐயம் பலருக்கு வரும். வழக்கில் வெள்ளிக்கிழமையும் சேர்ந்ததே. அந்த நாள் முடிவதற்குள் வேலை முடிந்தால் போதும். 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு கெடு முடிந்துவிடும். பணமும் சட்டமும் சம்பந்தப்பட்ட ஆவணங்களில் இந்த ஐயத்துக்கே இடம் வைக்காமல் "ஆன் ஆர் பிஃபோர்" என்று எழுதுவது நம் அலுவலகங்களில் வேரூன்றிய பழக்கம். அது நல்ல பழக்கம்தான்.

இனி, தமிழர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம். 'ஐந்து மணிக்குள்' என்கிறோம்; 'ஐந்து மணி நேரத்துக்குள்' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'குள்' என்ற ஒரே உருபு நிற்கிறது. முன்னது கடிகாரத்தில் ஒரு புள்ளி, பின்னது காலத்தின் ஒரு நீளம் என்ற வேறுபாட்டைத் தமிழ், பெயர்ச்சொல்லிலேயே காட்டிவிடுகிறது. உருபை மாற்ற வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆங்கிலமோ அந்த வேறுபாட்டை முன்னிடைச்சொல்லிலும் காட்டச் சொல்கிறது. புள்ளிக்கு 'பை', நீளத்துக்கு 'விதின்' அல்லது 'இன்'. 'குள்' என்றதும் 'விதின்' என்று மனப்பாடம் செய்தவர் "விதின் ஃபைவ் ஓ கிளாக்" என்றும் "விதின் மன்டே" என்றும் எழுதுவது இதனால்தான். சோதனை எளிது: 'குள்' ஒட்டியிருக்கும் சொல்லை நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது புள்ளி. 'ஐந்து மணி', 'திங்கட்கிழமை', '2030' ஆகியவற்றைக் காட்ட முடியும். 'மூன்று நாள்', 'ஐந்து மணி நேரம்', 'இரண்டு வாரம்' ஆகியவற்றை அளக்கத்தான் முடியும்; அவை நீளங்கள்.

நீளம் என்று தெரிந்த பிறகும் ஒரு தேர்வு மீதமிருக்கிறது. "இன் டூ வீக்ஸ் ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் தி கோர்ஸ்" என்றால், இன்றிலிருந்து இரண்டு வாரம் கடந்த அந்தக் கணத்தில் நின்று பார்க்கும்போது படிப்பு முடிந்திருக்கும் என்று பொருள். அதாவது 'இன்' இங்கே நீளத்தைச் சொல்லி அதன் முனையில் ஒரு புள்ளியை உண்டாக்குகிறது. 'விதின் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரம் என்ற வேலிக்குள் எங்காவது முடிந்துவிடும் என்று கெடு விதிக்கும் தொனி வருகிறது. 'இன்' என்ற சொல்லில் ஓர் இருபொருள் உண்டு: "ஐ வில் ஃபினிஷ் இட் இன் டூ வீக்ஸ்" என்பதை, முடிக்க இரண்டு வாரம் பிடிக்கும் என்றும், இரண்டு வாரம் கழித்து முடிப்பேன் என்றும் படிக்கலாம். இன்றிலிருந்து எண்ணுகிறோம் என்று தெளிவாகக் காட்ட "இன் டூ வீக்ஸ் டைம்" என்று எழுதுவது நல்ல தீர்வு. அதில் 'வீக்ஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குப் பின் உடைமைக் குறி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

'இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று நினைத்து "ஆஃப்டர் டூ இயர்ஸ் ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் மை டிகிரி" என்று எழுதுவதையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். 'ஆஃப்டர்' எல்லையைத் தாண்டி அப்பால் பார்க்கும் சொல். ஃபியூச்சர் பெர்ஃபெக்டோ எல்லைக்கு இப்பால் பார்க்கும் வடிவம். இப்போதிலிருந்து எண்ணும்போது "இன் டூ இயர்ஸ்" அல்லது "இன் டூ இயர்ஸ் டைம்" என்பதே இயல்பானது.

மூன்றாம் படி: 'வரை' என்பதை எச்சரிக்கையோடு கையாளுங்கள்

'அன்டில்', அதன் சுருக்கமான 'டில்' ஆகிய சொற்கள், ஒரு நிலை தொடர்ந்து நீண்டு ஓரிடத்தில் நிற்பதைக் குறிப்பவை. "ஐ வில் ஒர்க் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிவரை வேலை தொடர்கிறது. முடித்தல், அனுப்புதல், வந்துசேர்தல் போன்ற செயல்கள் நீள்வதில்லை; ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிகின்றன. ஆகவே "ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் டில் ஃப்ரைடே" என்பது ஆங்கிலத்தில் நிற்காது. 'வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்திருப்பேன்' என்ற எண்ணத்தில் முதல் பாதியின் 'வரை' இரண்டாம் பாதியின் வினையோடு ஒட்டிக்கொள்வதால் வரும் பிழை இது. அந்த இரண்டாம் பாதியில் இருக்கும் 'அதற்குள்' என்பதை மொழிபெயர்த்தால் 'பை தென்' என்ற சரியான சொல் கிடைத்துவிடும். முந்தைய வாக்கியத்தில் சொல்லிவிட்ட நாளைத் திரும்பவும் சொல்லாமல் சுட்டுவதற்கு 'பை தென்' போல உதவும் தொடர் வேறில்லை.

எதிர்மறையில் மட்டும் 'அன்டில்' உள்ளே வரலாம். அப்போது பொருளில் பெரிய மாற்றம் நேர்வதால் இந்த இணையை நிதானமாகப் படியுங்கள். "ஐ வோன்ட் ஹாவ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே" என்றால், வெள்ளிக்கிழமை வந்தாலும் வேலை முடிந்திருக்காது. "ஐ வோன்ட் ஹாவ் ஃபினிஷ்ட் அன்டில் ஃப்ரைடே" என்றால், வெள்ளிவரை முடிந்திருக்காது, வெள்ளியன்று முடிந்துவிடும். முதல் வாக்கியத்தைப் படிக்கும் மேலதிகாரி கெடுவை நீட்டிக்க வேண்டுமோ என்று யோசிப்பார். இரண்டாவதைப் படிப்பவர் வெள்ளியன்று வேலையை எதிர்பார்ப்பார். ஒரே ஒரு சொல் மாறியதால் ஒரு கோரிக்கை வாக்குறுதியாகிவிடுகிறது. அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளட்டும் என்பேன்.

நான்காம் படி: எல்லை இன்னொரு நிகழ்வாக இருந்தால்

'நீங்கள் வருவதற்குள்', 'அப்பா வீடு திரும்பும்போது', 'மழை தொடங்கும் முன்' என்று எல்லையே ஒரு செயலாக வருவதுண்டு. இதற்கு ஆங்கிலத்தில் 'பை தி டைம்', 'வென்', 'பிஃபோர்' என்ற மூன்று சொற்கள் உள்ளன. மூன்றுக்கும் பொதுவான கட்டளை: இந்தச் சொற்களுக்குப் பின் வரும் துணைத்தொடரில் 'வில்' வரக் கூடாது. "பை தி டைம் யூ வில் கம்" தவறு. "பை தி டைம் யூ கம், ஐ வில் ஹாவ் குக்ட் லஞ்ச்" என்பதே சரி. தமிழில் 'வருவதற்குள்', 'வரும்போது' என்று துணைத்தொடரின் வினையே எதிர்காலச் சாயலோடு வருவதால், ஆங்கிலத்திலும் 'வில்' சேர்க்கக் கை துறுதுறுக்கிறது. எதிர்காலத்தை முதன்மை வாக்கியம் சொல்லிவிட்டது, துணைத்தொடர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஆங்கிலத்தின் கணக்கு. அந்தச் செயலும் முடிந்தாக வேண்டும் என்று அழுத்திச் சொல்ல விரும்பினால், "பை தி டைம் யூ ஹாவ் ஹேட் யுவர் பாத்" என்பது போல நிகழ்கால பெர்ஃபெக்ட் வடிவத்தைப் பயன்படுத்தலாம்.

மூன்று சொற்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. 'பிஃபோர்' என்ற சொல்லே எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடுவதால், அங்கே "ஐ வில் ஃபினிஷ் பிஃபோர் யூ கம்" என்ற எளிய எதிர்காலம் பெரும்பாலும் போதும். 'வென்' அப்படியில்லை, முன்பின் வரிசையை அது தானாகச் சொல்வதில்லை. "வென் யூ கம், ஐ வில் குக்" என்றால் நீங்கள் வந்த பிறகே அடுப்புப் பற்றவைக்கப்படும். "வென் யூ கம், ஐ வில் ஹாவ் குக்ட்" என்றால் நீங்கள் வரும்போது சோறு தயாராக இருக்கும். வினையின் வடிவம் ஒன்றே இந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பதால், 'வென்' வரும் இடத்தில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் விருப்பத் தேர்வாக இல்லாமல் கட்டாயத் தேவையாகிவிடுகிறது. 'பை தி டைம்' இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஃபியூச்சர் பெர்ஃபெக்டோடு மிக இயல்பாகச் சேர்வது அதுதான். துணைத்தொடர் இறந்தகாலத்தில் இருந்தால் மட்டும் கதை மாறும்: "பை தி டைம் ஐ அரைவ்ட், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்" என்று 'ஹேட்' வரும்.

ஐந்தாம் படி: எவ்வளவு காலம் என்று சொல்ல வேண்டியிருந்தால்

இதுவரை பார்த்தவை எல்லையைக் குறிக்கும் சொற்கள். சில வாக்கியங்களில் எல்லையோடு கால அளவும் சேர்ந்து வரும். அளவுக்குச் சொல் 'ஃபார்'. இப்படி அளவு வந்துவிட்டால், எல்லையைக் குறிக்க 'பை' மட்டும்தான் என்ற கட்டுப்பாடு தளர்ந்து, 'ஆன்', 'நெக்ஸ்ட் மன்த்', 'இன் ஜூன்' ஆகியவையும் உள்ளே வரலாம். 2047ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாளை எடுத்துக்கொள்வோம்: "ஆன் 15 ஆகஸ்ட் 2047, இந்தியா வில் ஹாவ் பீன் இன்டிபென்டன்ட் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்." நூறு ஆண்டு சரியாக அன்றுதான் நிறைகிறது, அதனால் அந்த நாளையே சுட்டும் 'ஆன்' இங்கே மிகப் பொருத்தம். முதல் படியில் 'அட் ஃபைவ்' முரண்பட்டதற்கும் இங்கே 'ஆன்' பொருந்துவதற்கும் காரணம் ஒன்றே. அங்கே சொல் செயலின் நேரத்தைக் குறித்தது. இங்கே எல்லையைக் குறிக்கிறது.

இன்னொரு காட்டு வானத்திலிருந்து. ஹாலி வால்நட்சத்திரம் 1986இல் சூரியனை நெருங்கி வந்து சென்றது. அடுத்து 2061இல் வரும். "வென் ஹாலீஸ் காமெட் ரிட்டர்ன்ஸ் இன் 2061, இட் வில் ஹாவ் பீன் அவே ஃபார் செவன்டி ஃபைவ் இயர்ஸ்." இந்த ஒரே வாக்கியத்தில் 'வென்' எல்லையாகிய நிகழ்வைத் தருகிறது, 'ரிட்டர்ன்ஸ்' என்ற வினையில் 'வில்' இல்லை, 'ஃபார்' அளவைத் தருகிறது. மனத்தில் ஒரு மாதிரி வாக்கியம் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

இருத்தல், அறிதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் இப்படி 'வில் ஹாவ்' வடிவத்தோடு நின்றுவிடும். காத்திருத்தல், படித்தல், பயணம் செய்தல் போன்ற தொடர்ச்செயல்களுக்கு அளவு சொல்லும்போது "பை ஃபைவ் ஐ வில் ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்" என்ற தொடர் வடிவமே காதுக்கு இயல்பாக ஒலிக்கும். எண்ணிக்கை சொல்லும்போது அது வேண்டாம். "பை டிசம்பர் ஐ வில் ஹாவ் ரெட் டென் புக்ஸ்" என்று முடித்துவிடலாம். 'சின்ஸ்' இந்த வாக்கியங்களில் அரிதாகவே வரும். தொடங்கிய ஆண்டைச் சொல்வதைவிடக் கடந்த அளவை 'ஃபார்' கொண்டு சொல்வது பாதுகாப்பானது.

ஆறாம் படி: 'ஆல்ரெடி', 'யெட்' இரண்டையும் இடம் பார்த்து வையுங்கள்

'ஆல்ரெடி' என்பதை 'வில்'லுக்குப் பின்னும் வைக்கலாம், 'ஹாவ்'வுக்குப் பின்னும் வைக்கலாம். 'யெட்' எதிர்மறையிலும் கேள்வியிலும் மட்டுமே வரும், பெரும்பாலும் கடைசியில் நிற்கும். காலத்தொடர் வாக்கியத்தின் முன்னால் வந்தால், குறிப்பாக அது வினையோடு கூடிய நீண்ட தொடராக இருந்தால், அதன் பின் காற்புள்ளி இடுங்கள்.

ஏழாம் படி: உண்மையிலேயே ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் வேண்டுமா என்று கேளுங்கள்

'பை' வந்துவிட்டால் 'வில் ஹாவ்' வந்தே ஆக வேண்டும் என்று சில பயிற்சிப் புத்தகங்கள் பழக்கிவிடுகின்றன. அது சரியில்லை. "ஐ வில் சென்ட் இட் பை ஃப்ரைடே" என்பது குறையில்லாத வாக்கியம்; ஒரு வேலையைச் செய்வதாக ஒப்புக்கொள்ளும்போது அதுவே சிறந்தது. "ஐ வில் ஹாவ் சென்ட் இட் பை ஃப்ரைடே" என்று எழுதினால், வெள்ளியன்று நிலைமை எப்படி இருக்கும் என்ற படம் முன்னுக்கு வருகிறது. அந்த நிலைமையைச் சார்ந்து அடுத்த திட்டம் ஒன்று இருக்கும்போதுதான் அது தேவை. "நான் வெள்ளிக்குள் அனுப்பியிருப்பேன், ஆகவே திங்களன்று கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம்" என்பது போன்ற இடம் அது. கேள்வியில் இந்த வடிவத்துக்கு இன்னொரு பயன் உண்டு. "வில் யூ ஃபினிஷ் பை சிக்ஸ்?" என்பது சில நேரம் முடித்துக்கொடு என்ற வேண்டுகோளாக ஒலிக்கும், "வில் யூ ஹாவ் ஃபினிஷ்ட் பை சிக்ஸ்?" என்றால் தகவல் மட்டும் கேட்பதாக இருக்கும். பெரியவர்களிடமும் வாடிக்கையாளரிடமும் பின்னதே மென்மையானது.

எட்டாம் படி: எதிர்காலமே இல்லாத 'வில் ஹாவ்'

'பை நவ்' என்ற தொடரைப் பார்த்ததும் குழம்ப வேண்டாம். "தி டிரெயின் வில் ஹாவ் லெஃப்ட் பை நவ்" என்றால் 'ரயில் இந்நேரம் போயிருக்கும்' என்ற ஊகம். இங்கே எல்லை எதிர்காலத்தில் இல்லை, இந்தக் கணமே எல்லை. தமிழிலும் 'போயிருக்கும்' என்ற அதே வடிவம் எதிர்காலத்தையும் ஊகத்தையும் ஒருசேரத் தாங்குவதால், நமக்கு இது எளிதாகவே பிடிபடும். ஆனால் 'நீ சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்' என்று நடக்காமல் போனதைச் சொல்லும் 'முடித்திருப்பேன்' வேறு. அதற்கு ஆங்கிலத்தில் 'வில் ஹாவ்' வராது, 'வுட் ஹாவ்' வரும். அதோடு 'பை', 'பை தி டைம்' ஆகியவற்றைத் தேட வேண்டியதும் இல்லை, 'இஃப்' என்ற நிபந்தனையைத் தேட வேண்டும்.

பழகிப் பார்க்க மூன்று வாக்கியங்கள்

'நான் ஓய்வு பெறும்போது இந்தப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியிருப்பேன்.' எல்லை ஒரு நிகழ்வு, கூடவே கால அளவும் இருக்கிறது: "வென் ஐ ரிட்டயர், ஐ வில் ஹாவ் ஒர்க்ட் அட் திஸ் ஸ்கூல் ஃபார் தர்ட்டி இயர்ஸ்." 'வென்' இருக்கும் இடத்தில் 'பை தி டைம்' வைத்தாலும் பொருந்தும்.

'இன்னும் பத்து நிமிடத்தில் பேருந்து கிளம்பியிருக்கும்.' பத்து நிமிடம் அளக்கக்கூடிய நீளம், இப்போதிலிருந்து எண்ணுகிறோம்: "இன் டென் மினிட்ஸ் தி பஸ் வில் ஹாவ் லெஃப்ட்."

'திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவேன்.' திங்கட்கிழமை ஒரு புள்ளி, ஆகவே 'பை' உறுதி. ஆனால் வினையில் 'அனுப்பியிருப்பேன்' என்று இல்லை, 'அனுப்பிவிடுவேன்' என்றே இருக்கிறது. 'விடு' என்ற துணைவினை செயலை முடித்தே தீருவேன் என்ற உறுதியைத் தருகிறதே தவிர, எல்லையில் நின்று திரும்பிப் பார்க்கவில்லை. "ஐ வில் சென்ட் தி அப்ளிகேஷன் பை மன்டே" என்பதே இதற்கு உரிய ஆங்கிலம்.